நம் முகங்கள் யார் வீட்டுப் பரணில்?

நெகட்டிவ்கள் காடி நாற்றம் அடிக்கத் தொடங்கியிருந்தன. அசிட்டேட் ஃபிலிம் சிதைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். மூன்று பிஸ்கட் டப்பாக்களில் 41 ரோல்கள். ரோலுக்கு 36 என்று கணக்குப் போட்டு, வீணானவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 1,400 படங்கள். எடுத்த தோழர் இறந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. டப்பாக்களை என்னிடம் கொடுத்தபோது அவருடைய துணைவியார், 'இனிமே இது உங்க பாடு' என்று மட்டும் சொன்னார். 1990களின் நடுவில் தென்மாவட்டங்களில் நடந்த சாதிய வன்முறைகளையும் அவற்றைத் தொடர்ந்த போலீஸ் தேடுதல்களையும் விசாரிக்க உண்மையறியும் குழுக்களாகப் போனோமே, அப்போது எடுத்தவை. பெரும்பாலும் ஊட்டியில் தயாரான 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிம். ஊர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் விஷயமே.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்தேன். எட்டே மாதம். ஒருநாள் டக் டக் என்று சத்தம் போட்டுவிட்டு அது ஓய்ந்துபோனது. நெகட்டிவ்கள் கையில் இருந்ததால் பிழைத்தேன், மறுபடி ஸ்கேன் செய்தாயிற்று. அக்கா மகன் சிரித்தான்: 'இந்தக் காலத்துல யாராவது டிஸ்க்ல வைப்பாங்களா மாமா? கிளவுட்ல போட்டுட்டு நிம்மதியா இருங்க.' எந்தக் கிளவுடில் என்று கேட்டேன். 'எதுல வேணா போடுங்க. எல்லாம் ஒண்ணுதான்.'

சோதனையாக 200 படங்களை ஒரு பெரிய நிறுவனத்தின் சேவையில் ஏற்றினேன். ஏற்கெனவே என் கைபேசிப் படங்களும் அதில்தான் இருந்தன. இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் முகம் முகமாகப் பிரித்து அடுக்கி வைத்திருந்தது. ஒரு வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் முகம். தொட்டால் இரண்டு படங்கள் வருகின்றன. ஒன்று, உடைத்துப் போடப்பட்ட பானைகளுக்கு நடுவே தாயோடு நிற்கும் பதினாறு பதினேழு வயதுப் பெண். இன்னொன்று, 2018இல் ஒரு தோழர் வீட்டுத் திருமணப் பந்தியில் நான் கைபேசியில் எடுத்தது. அதே பெண், நாற்பது வயதில். இருவரும் ஒருவர்தான் என்று நான் அந்த எந்திரத்துக்குச் சொல்லவில்லை. எங்கள் அறிக்கையில் அவர் பெயரை மாற்றித்தான் வெளியிட்டோம். காவல்துறைக்கு எதிராக வாக்குமூலம் கொடுத்தவர் அவர். ஊர், தெரு, தகப்பன் பெயர் எதுவும் வெளியே தெரியாதபடி மூன்று பேர் உட்கார்ந்து பிரதியைத் திருத்தினோம். இப்போது அந்த வட்டத்துக்குக் கீழே, இவர் யார், பெயரைச் சேர்க்கவும் என்று ஒரு கட்டம் காத்திருக்கிறது.

அன்றிரவே 200 படங்களையும் அழித்தேன். அழிந்ததா என்பது வேறு கேள்வி.

*

'பேக்கப்' என்றால் நகல். நகல் நமக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடி சில நூறாண்டுகளில் செத்துப்போகும். அதில் எழுதியிருந்தது பிழைத்தது யாரோ ஒருவர் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியதால்தான். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது ஒரு மடத்துச் சுவடியை மட்டும் நம்பி அல்ல. பல ஊர்களில், பல கைகளில் சிதறிக் கிடந்த பிரதிகளை ஒப்பிட முடிந்ததால். இன்றைக்குக் கணினிக்காரர்கள் 3-2-1 என்று ஒரு விதி சொல்கிறார்கள்: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேற்றிடத்தில். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய விதி இது. நம் சுவடி மரபு இதை விதியாக எழுதி வைக்காமலே செய்தது என்று பெருமை பேசலாம். பேசுபவர்கள் பேசட்டும். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. பெயர்த்தெழுதப்பட்டது எது? மடமும் ஜமீனும் வித்வானும் எழுதத் தகும் என்று கருதியது. மற்றதெல்லாம் ஆடிப்பெருக்கில் போயிற்று, கரையானுக்குப் போயிற்று, முதலில் ஓலையிலேயே ஏறாமலும் போயிற்று. நகலெடுப்பது என்பது தேர்ந்தெடுப்பது. தேர்வு இருக்கும் இடத்தில் அதிகாரம் இருக்கிறது.

நகலே இல்லாமல் போனால் என்னாகும் என்பதற்கு நமக்கு 1981 யாழ்ப்பாணம் போதும். மே மாதக் கடைசி இரவில் வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள். அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவை பல. 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத் திட்டத்தை அந்தத் தீயை மறந்துவிட்டு யாரும் புரிந்துகொள்ள முடியாது. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக இருப்பது எத்தனை ஆபத்து என்பதை நெருப்பு கற்றுக்கொடுத்த பிறகு வந்த முயற்சி அது. ஆனால் நூல் வேறு, முகம் வேறு. நூலுக்கு நகல் பெருகப் பெருகப் பாதுகாப்பு. வாக்குமூலம் கொடுத்தவளின் முகத்துக்கு நகல் பெருகப் பெருக ஆபத்து. என் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

*

புகைப்படத்தை நாம் எடுப்பது, மற்றதை இன்னொருவன் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு எப்போது வந்தது? 1888இல். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 25 டாலருக்கு ஒரு பெட்டியை விற்றார். உள்ளே 100 படங்களுக்கான சுருள். சுருள் தீர்ந்ததும் பெட்டியோடு ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் கொடுத்தால் படங்களைக் கழுவி அச்சிட்டு, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அழுத்துவது மட்டும் உங்கள் வேலை என்பதுதான் விளம்பரத்தின் சாரம். அதுவரை படமெடுப்பவர் ரசாயனத்தில் கை நனைத்தாக வேண்டும். தன் படம் எப்படி உண்டாகிறது என்பது அவருக்குத் தெரியும். கோடக் அந்த அறிவை வாங்கிக்கொண்டு வசதியைக் கொடுத்தது. மார்க்ஸ் சொன்ன அந்நியமாதலைத் தொழிற்சாலையில் மட்டும் தேடிக்கொண்டிருந்த நமக்கு இந்த அமெச்சூர் புகைப்படக்காரன் கண்ணில் படவில்லை.

இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராச்செஸ்டர் நெகட்டிவையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தது. நம்மூர் ஸ்டுடியோ அப்படியல்ல. பிரிண்ட்தான் நமக்கு, நெகட்டிவ் அவர்களிடம். 'நெகட்டிவ் பத்திரமா இருக்கும், எப்ப வேணா வந்து காப்பி போட்டுக்கலாம்' என்று கவரில் ஒரு நம்பர் எழுதித் தருவார்கள். ஊருக்கு ஊர் இருந்த அந்த ஸ்டுடியோக்கள்தாம் நம் முதல் 'கிளவுட்'. ஸ்டுடியோ மூடினால் என்ன ஆகும் என்று எவரும் கேட்டதில்லை. மூடியபோது கண்ணாடி நெகட்டிவ்கள் எடைக்குப் போயின. ஃபிலிமிலிருந்து வெள்ளி எடுக்க வாங்கிப் போனவர்களும் உண்டு. மிஞ்சியவற்றைத் தேடித் திரிந்து பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் எண்வயமாக்கினார்கள். அழியும் ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் அதற்கு நிதி தந்தது. படங்கள் லண்டன் வழியே இணையத்தில் பார்வைக்கு வந்தன. 2023 அக்டோபரில் ரைசிடா என்ற கும்பல் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. நூலகம் கொடுக்க மறுத்தது. அந்தத் திட்டத்தின் தளம் உள்பட எல்லாம் முடங்கி, நெடுங்காலம் எட்டாமல் கிடந்தன. தஞ்சாவூர்த் தாத்தாவின் முகத்தைப் பார்க்க லண்டன் சர்வர் எழுந்திருக்க வேண்டும் என்ற நிலை. பாண்டிச்சேரியிலும் ஒரு பிரதி இருப்பது ஆறுதல்.

*

கோட்பாட்டாளர்கள் இந்த இடத்தில் உதவுகிறார்கள். ஆலன் செகுலா 1986இல் எழுதிய 'உடலும் ஆவணக் காப்பகமும்' என்ற கட்டுரையில், உருவப்படத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு என்கிறார். ஒன்று மேன்மைப்படுத்துவது, மற்றது அடக்குவது. வரவேற்பறையில் தொங்கும் குடும்பப் படமும் பாரிஸ் போலீசில் அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன் 1880களில் அடுக்கி வைத்த குற்றவாளிப் படமும் ஒரே தொழில்நுட்பத்தின் இரு முகங்கள். நமக்கு இதற்குப் பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்து, படமெடுத்து, 1909இல் ஏழு தொகுதிகளாகத் 'தென்னிந்தியாவின் சாதிகளும் பழங்குடிகளும்' நூலை வெளியிட்டாரே. நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிகள் முதன்முதலாகப் படத்தில் ஏறியது அங்கேதான். பெயர் இல்லாமல், சாதியின் 'மாதிரி'யாக. அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அவர்களுடைய பிள்ளைகள் நல்ல சட்டை போட்டு, கையில் கடிகாரம் கட்டி (ஸ்டுடியோக்காரர் இரவல் கொடுத்த கடிகாரமாகவே இருக்கட்டும்), தங்கள் விருப்பப்படி ஒரு படத்துக்கு நின்றார்கள்.

செகுலா சொன்ன இரண்டு அலமாரிகளும் தனித்தனியே இருந்தவரை நமக்கு மூச்சுவிட இடம் இருந்தது. குடும்ப ஆல்பம் வீட்டில், குற்றவாளிப் படம் ஸ்டேஷனில். ஒன்றை மற்றதாக்க யாராவது கதவைத் தட்டி வீட்டுக்குள் வர வேண்டும். 'கிளவுட்' இரண்டு அலமாரிகளையும் ஒன்றாக்கிவிட்டது. இது என் பீதி அல்ல. 2013இல் தொடங்கிய 'எவர்' என்ற படச் சேமிப்புச் செயலி, மக்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று ஏற்றிய குடும்பப் படங்களை வைத்தே முகமறியும் தொழில்நுட்பத்தை வளர்த்து விற்க முனைந்தது 2019இல் அம்பலமானது. அமெரிக்க வணிக ஆணையம் 2021 ஜனவரியில் படங்களை மட்டுமல்ல, அவற்றிலிருந்து உருவாக்கிய மாதிரிகளையும் அழிக்கச் சொன்னது. பேத்தியின் பிறந்தநாள் கேக்கிலிருந்து போலீசுக்கு விற்கத்தக்க சரக்கு. தர்ஸ்டனுக்குக் கூலிக்கு ஆள் பிடித்து வந்து நிறுத்த வேண்டியிருந்தது. இவர்களிடம் நாமே வரிசையில் நின்று, மூக்கையும் நெற்றியையும் நீட்டி, மாதச் சந்தாவும் கட்டுகிறோம்.

அந்த அளவுகோலும் பழைய அளவுகோல்தான். 2015இல் கூகுள் ஃபோட்டோஸ் இரண்டு கறுப்பின மக்களின் படத்துக்கு 'கொரில்லா' என்று பெயரிட்டது. மூன்றாண்டு கழித்துச் சோதித்தபோது, அந்தச் சொல்லையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுப் பிரச்சினையை முடித்திருந்தது தெரிந்தது.

*

சரி, இதெல்லாம் பெரிய பேச்சு. சாதாரண மனிதனுக்குச் சொந்தப் படம் தொலையாமல் இருந்தால் போதாதா? போதும். அதையாவது இவர்கள் செய்திருக்கிறார்களா என்று பார்ப்போம்.

1999இல் ஓஃபோட்டோ என்று ஒன்று வந்தது. 2001இல் கோடக் அதை வாங்கியது. 2012 ஜனவரியில் கோடக் திவால் மனு கொடுத்தது. ஜூலையில் அந்தச் சேவை மூடப்பட்டு, வாடிக்கையாளர்களின் படங்கள் ஷட்டர்ஃபிளை என்ற நிறுவனத்துக்குக் கைமாறின. ஏலத்தில் 23.8 மில்லியன் டாலர். (இதே கோடக்கின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் 1975இல் முதல் எண்வயக் கேமராவைச் செய்து காட்டினார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள். முதலாளியம் தன் சவக்குழியைத் தானே வெட்டும் என்பதை இவ்வளவு நேரடியாக வேறெங்கும் பார்க்க முடியாது.) ஃபிளிக்கர் 2004இல் வந்தது, 2005இல் யாஹூவின் கைக்குப் போனது, 2013இல் ஒரு டெராபைட் இலவசம் என்றது, 2018இல் ஸ்மக்மக் வாங்கியதும் இலவசம் 1,000 படங்களோடு சரி, மிச்சத்தை 2019இல் அழிப்போம் என்றது. கூகுள் ஃபோட்டோஸ் 2015 மே மாதம் 'வரம்பில்லாமல் இலவசம்' என்று கடை விரித்தது. 2020 நவம்பரில் கணக்குச் சொன்னார்கள்: 4 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட படங்கள், வாரத்துக்கு 2,800 கோடி புதிதாக. அதே மூச்சில், 2021 ஜூன் 1 முதல் 15 ஜிபிக்கு மேல் காசு என்றார்கள். நம்மூரில் அப்போது 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய்.

130 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்பார்கள். தொகையைப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை, உறவைப் பாருங்கள். இது அடகுக் கடை உறவு. நகை நம்முடையது, ஆனால் அவர் இரும்புப் பெட்டியில். மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் நகை மூழ்கிப்போகும். வரம்பைத் தாண்டியபடி இரண்டாண்டுகள் இருந்தால் அழிக்கலாம் என்றும், இரண்டாண்டுகள் திறக்கப்படாத கணக்கையே நீக்கலாம் என்றும் இவர்களுடைய விதிகளில் இருக்கிறது. செத்துப்போன தோழர் எப்படிக் கணக்கைத் திறப்பார்? சேட்டுக் கடையில் அசலைக் கட்டினால் நகை திரும்பும். இங்கே அசல் என்று ஒன்று கிடையாது, வட்டி மட்டும்தான், ஆயுளுக்கும்.

கதவடைப்பும் உண்டு. 2021இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், மகனுக்கு உடலில் வீக்கம் என்று மருத்துவருக்குக் காட்டப் படமெடுத்தார். தானாகவே கூகுளுக்குப் போன அந்தப் படத்தை எந்திரம் குழந்தை வன்கொடுமை என்று அடையாளம் கண்டது. போலீஸ் விசாரித்துக் குற்றமில்லை என்றது. கணக்கோ திரும்பவில்லை. மின்னஞ்சல், தொலைபேசி எண், மகனின் முதல் ஆண்டுப் படங்கள் எல்லாம் போயின. அரசு எந்திரத்தின் தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு. நிறுவனத்தின் தீர்ப்புக்கு?

*

வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றார் ஒரு நண்பர். 2018இல் பீமா கோரேகான் வழக்கில் எத்தனை வீடுகளிலிருந்து ஹார்ட் டிஸ்குகளை அள்ளிக்கொண்டு போனார்கள் என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. ரோனா வில்சனின் கணினியில் கோப்புகள் வெளியிலிருந்து திணிக்கப்பட்டவை என்று அர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் 2021இல் அறிக்கை தந்தது. ஆகவே வீடும் காப்பிடம் அல்ல. வெளிநாட்டு சர்வரும் அல்ல. அமெரிக்க நிறுவனத்திடம் உள்ள தகவல் உலகில் எந்த மூலையில் கிடந்தாலும் அந்நாட்டு அரசு கேட்டுப் பெறலாம் என்று 2018இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன் சுருக்கப் பெயரே 'கிளவுட்'. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டமோ, அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ள வழி வைத்துத்தான் வந்தது.

மிச்சம் இருப்பது, அனுப்பும் முன்பே நம் கையில் பூட்டிவிட்டு, சாவியை நாமே வைத்துக்கொள்ளும் முறை. முனைக்கு முனை குறியாக்கம் என்கிறார்கள். வைத்திருப்பவனுக்கே உள்ளே இருப்பது தெரியாது. முகத்தை அடுக்குவதானாலும் நம் கருவியில்தான் அடுக்க முடியும். 'என்டெ' என்று ஒரு சேவை இப்படி இயங்குகிறது. மலையாளத்தில் 'என்னுடைய' என்று பொருள். 2024இல் தன் சர்வர் நிரலையும் திறந்து வைத்தது. 'இம்மிச்' என்று இன்னொன்று, சொந்தக் கணினியையே சர்வராக்கிக்கொள்வது. ஆப்பிளும் 2022 முதல் ஐகிளவுடில் விரும்புவோருக்கு இப்படியொரு பூட்டைக் கொடுத்தது. 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு நெருக்கியதும் அந்நாட்டவருக்கு அதை விலக்கிக்கொண்டது. பூட்டு நல்ல பூட்டுதான் என்பதற்கு அரசுகளின் எரிச்சலே சான்று. ஆனால் சாவி தொலைந்தால் ஆண்டவனாலும் திறக்க முடியாது. நானோ கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடுகிற ஆள்.

இந்த முடிவுக்கு வந்த பிறகும் டப்பாக்களைப் பார்த்தால் ஏதோ ஒன்று இடறியது. தெரிதா 1994இல் லண்டன் சொற்பொழிவில் ஆவணக் காப்பகம் என்ற சொல்லைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோகிறார்: அது ஆளுபவனின் வீடு, ஆவணத்தை வைத்திருப்பவனே அதற்குப் பொருள் சொல்லும் உரிமையும் உடையவன். படித்தபோது அரசை நினைத்தேன், கூகுளை நினைத்தேன். வசதியாக ஓர் ஆளை விட்டுவிட்டேன்.

சென்ற தை மாதம் அந்தப் பெண்மணியைத் தேடிப் போனேன். இப்போது வேறு ஊரில் இருக்கிறார், மகன் கல்லூரியில் படிக்கிறான். படத்தை எங்கே வைப்பது, எப்படி மறைப்பது, உங்கள் சம்மதம் என்ன என்று நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது அவர் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னை அல்ல, பக்கத்தில் நிற்கும் தாயை.

'எங்கம்மா படம் எங்கிட்ட ஒண்ணுகூட கெடையாதுண்ணே. பொட்டிய ஒடச்சி எல்லாத்தையும் தீயில போட்டுட்டானுவ. இருந்த ஒரே கல்யாணப் படமும் அதுல போச்சி. இது இருக்குன்னே எனக்குத் தெரியாது. இத்தன வருசமா பத்திரமா வச்சிருந்தீங்களாக்கும்?'

கடைசி வாக்கியத்தில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே நன்றியோடுதான் கேட்டார். தாய் 2003இல் இறந்துவிட்டார். துக்க வீட்டில் மாலை போட ஒரு படம் இல்லாமல், ரேஷன் கார்டில் இருந்த குடும்பப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். மூக்கு, வாய் தெரியாமல் கறுப்பாக வந்திருக்கிறது. அந்தச் சமயம் முழுக்க நல்ல நெகட்டிவ் ஒன்று எங்கள் பிஸ்கட் டப்பாவில், 'அவர்கள் பாதுகாப்புக்காக', கிடந்தது. அவர்களைக் கேட்டு எடுத்த முடிவல்ல அது. தர்ஸ்டன் பெயரில்லாமல் பதிப்பித்தார், நாங்கள் பெயரில்லாமல் பதுக்கினோம். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒன்றே இல்லை என்றும் என்னால் இப்போது சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு வேலை முறை மாறியது. முதலில் எந்தச் சேவை என்பதைத் தள்ளி வைத்தேன். படத்தில் இருப்பவர்களையோ அவர்களுடைய பிள்ளைகளையோ தேடிப் போய், அவரவர் படத்தின் அச்சை அவரவர் கையில் கொடுப்பது முதல் வேலை. வெள்ளைத்தாளில் அச்சடித்த வெறும் படம், பின்னால் பென்சிலில் தேதி. இதுவரை பதினோரு குடும்பங்கள். இரண்டு குடும்பங்கள் வேண்டாம் என்றன, அந்த நெகட்டிவ்களையும் அவர்களிடமே கொடுத்துவிட்டேன். ஒருவர் என் கண் முன்னாலேயே அடுப்பில் போட்டார். வரலாற்று ஆவணம் என்று என் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மற்றவை பூட்டிய நகலாக ஒரு சேவையிலும், இன்னொரு நகல் வேறு ஊரில் ஒரு தோழரிடம் டிஸ்கிலும் இருக்கின்றன. சாவிச் சொற்களைத் தாளில் எழுதி இரண்டாகக் கிழித்து, பாதி என்னிடம், பாதி டப்பாக்களைத் தந்த அந்தத் துணைவியாரிடம். 'இதுக்கு டப்பாவே தேவலயே' என்றார் அவர்.

அந்தத் தாய் படத்தை அன்றே பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் பெரிதாக்கி லேமினேஷன் போட்டார்கள். மகன் கடைக்காரரிடம் சாஃப்ட் காப்பியும் கேட்டு வாங்கிக்கொண்டான். மறுநாள் காலை வாட்ஸப்பில் அவன் ஸ்டேட்டஸில் படம் இருந்தது, 'எங்க ஆச்சி' என்று இதயக் குறியோடு. பக்கத்தில் பதினேழு வயதில் அவனுடைய அம்மா, காலடியில் உடைந்த பானைகள். கீழே ஊர்ப் பெயரையும் போட்டிருந்தான்.